பல் பட்ட இடம்

பதிவேட்டில் இரண்டு பத்திகள்.
இடப்பக்கம் மாசிடோனியம், வலப்பக்கம் அல்பேனியம்.
என் வீட்டில் பேசுவது துருக்கி.
அதற்குப் பத்தி இல்லை,
அதனாலேயே பதிவேட்டை என்னிடம் தந்திருக்கிறார்கள்.

பிப்ரவரி, செவ்வாய், பத்தேகால்.
ஆர்பென் கடித்தான்.
கொராஸ்த் கடிபட்டான்.
இடது முன்கை. தோல் கிழியவில்லை.
காரணம் என்ற கட்டத்தில்
சிவப்பு டிராக்டர் என்று எழுதிவிட்டு,
போதாதென்று
முன்சக்கரம் இல்லாதது
என்றும் சேர்த்தேன்.

கோஸ்டிவாரில் அன்று புகைமூட்டம்.
ஊரின் விறகடுப்புகள் எல்லாம் சேர்ந்து
ஷார் மலையை விழுங்கியிருந்தன.
பிள்ளைகளை வெளியே விடாமல் மூன்றாம் நாள்.
ஒரே அறை, இருபத்திரண்டு வாய்.
கடிக்காமல் இருந்தவர்களைத்தான்
நான் பதிந்திருக்க வேண்டும்.

வெசெலா தன் மொழியில் மட்டும் பேசுவாள்.
மிர்வெட்டே தன் மொழியில் மட்டும்.
இங்கே அதுதான் ஏற்பாடு.
வோதா என்று கேட்டாலும் ஊய் என்று கேட்டாலும்
அதே காது உடைந்த நீலக் குவளைதான் வரும்.
நாலு வயதில்
யாரும் இதற்கு வியப்பதில்லை.

சுவரில் புறாப் படம் கிடையாது.
போன வருடம் ஒட்டியதை
ஒருத்தி அலகிலிருந்து தின்னத் தொடங்கினாள்.
சமாதானம் என்ற சொல்லை
இந்த அறைக்குள் நான் கேட்டதே இல்லை.
காதில் விழுவதெல்லாம்
பொறு.
உன் முறை வரும்.
பிடுங்காதே, கேள்.
அவன் அழுது முடிக்கட்டும்.
பொறு.

கடித்தவனை மூலையில் நிறுத்தவில்லை.
மிர்வெட்டே ஈரத்துணியை
அவன் கையிலேயே கொடுத்தாள்.
ஒருவன் ஒற்றியெடுக்க
ஒருவன் கையை நீட்டிக்கொண்டிருக்க
அழுகை தானாக எங்கோ போய்,
இருவரும் குனிந்து
பற்குறிகளை எண்ணத் தொடங்கினார்கள்.
கொராஸ்த் அல்பேனியத்தில் எண்ணினான்.
பெஸ் வரைக்கும்தான் அவனுக்கு வரும்.
ஐந்தில் நின்று திணறியபோது
ஜாஷ்ட் என்று
ஆறாவதை எடுத்துக் கொடுத்தான்
கடித்தவன்.

இரண்டாயிரத்து ஒன்றின் வசந்தத்தில்
மலையில் சுட்டுக்கொண்டபோது
ஆசிரியைகள் இருவருக்கும் பதினோரு வயது.
அவள் ஆற்றுக்கு இக்கரை, இவள் அக்கரை.
ஒருநாள் தேநீர் நேரத்தில்
வெசெலா அதைச் சொல்ல வாயெடுத்தாள்.
மிர்வெட்டே எழுந்து போய்
கழுவிய கோப்பையையே மறுபடி கழுவினாள்.
நான் சர்க்கரை தேடுவதுபோல
அலமாரிக்குள் தலையை விட்டுக்கொண்டேன்.

மூன்றரைக்கு கொராஸ்தின் அப்பா வந்தார்.
சட்டைக்கையைச் சுருட்டிப் பார்த்தார்.
யார் என்றார்.
எனக்குத் தெரியும் அந்த யார்.
அது பெயரைக் கேட்பதில்லை,
பெயரின் வாலைக் கேட்பது.
எங்கள் ஊரில் பெயர் முடிகிற இடத்தில்தான்
ஆள் தொடங்குகிறான்.
பதிவேட்டை மார்போடு அணைத்துக்கொண்டேன்.

பையன் கொஞ்சம் யோசித்தான்.
பச்சைக் காலுறை போட்டிருப்பானே.
கழிவறையில் தண்ணீர் இழுத்தால் பயப்படுவானே.
நான்கூடக் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பேனே,
அவன்.

அப்பா மேலும் எதற்கோ காத்திருந்தார்.
பையனோ
சொல்லி முடித்திருந்தான்.

இதை நல்லபடியாக முடிக்க எனக்கும் ஆசைதான்.
கார்க் கதவு அறைந்து சாத்தப்பட்டது.
புதன்கிழமை கொராஸ்த் வரவில்லை.
அவனுடைய ஆணியில்
கையுறை ஒன்று மட்டும் தொங்கியது.
ஆர்பென் இரண்டு தடவை போய்
அதைத் தொட்டுவிட்டு வந்தான்.
அதற்குப் பதிவேட்டில் கட்டம் இல்லை.

வியாழன், புகை விலகி
பாதி மலை தெரிந்தது.
காரில் வராமல் நடந்தே வந்தான், அம்மாவோடு.
பற்குறி மஞ்சள் பூத்திருந்தது.
காட்டு என்றான் ஆர்பென்.
காட்டினான், கொஞ்சம் பெருமையாக.

அடுத்த நிமிடம்
மூன்று சக்கர டிராக்டரை நோக்கி
இரண்டு கைகள் ஒன்றாக நீண்டன.
நான் பேனா மூடியைக் கழற்றி
கையில் வைத்தபடி
பொறுத்திருந்தேன்.