கேட்பது ஏறும்

தோர்ஷாவ்ன் துறையில் மழை படுக்கைவாட்டில் பெய்கிறது.
பதினோரு பேர்,
ஒரு கிடா,
எண்ணெய்த்துணி போர்த்திய பெட்டிக்குள்
மூன்றடுக்குக் கல்யாணக் கேக்.
தலைக்கு மேல் மின்பலகை
8:40 புறப்படும் என்கிறது.
படகோ கட்டிய கயிற்றை இழுத்து இழுத்து முறைக்கிறது.

அலுவலகத்திலிருந்து பார்டுர் கத்துகிறான்:
"ரத்து என்று போட்டு அரை மணி ஆச்சு.
இதோ என் பெட்டியில் ரத்து.
வெளியே மட்டும் ஏன் இன்னும்
புறப்பட்டுக்கொண்டே இருக்கிறது?"

தொலைபேசியின் இந்தப் பக்கம் சுன்வா,
அந்த வார்ப்புருவை எழுதியவள்,
ஈரக் காலுறையை ஹீட்டர்மேல் விரித்தபடி
"என் கணினியில் சரியாகத்தானே வருகிறது" என்று
சொல்ல வாயெடுத்து, விழுங்கினாள்.

திறந்தாள்.
இரட்டை மீசை அடைப்புக்குள் ஒரு பெயர்: நேரம்.
பக்கத்தின் உச்சியில் அது.
கீழே, காற்று நொடிக்கு இருபது மீட்டரைத் தாண்டினால் மட்டும்
திறக்கும் ஒரு நிபந்தனை.
அதற்குள்ளே பார்டுரின் பெட்டி. அங்கேயும் நேரம்.
போன கோடையில் சோதித்தபோது
காற்றே இல்லை.

நிபந்தனை என்று நாம் சொல்வதை
இயந்திரம் அறை என்று எடுத்துக்கொள்கிறது.
சொல்லாமல் சுவர் வைக்கிறது.
உள்ளே இருப்பவனுக்குச் சுவர் தெரியாது,
ஏனென்றால் கேட்பது ஏறும்.
நேரம் என்ன?
என்னிடம் இல்லை, மேலே கேட்கிறேன்,
அங்கும் இல்லையென்றால் அதற்கும் மேலே
என்று கூரைவரை போய்
8:40ஐக் கையில் ஏந்திக்கொண்டு வரும்.
அவ்வளவு பணிவான பிள்ளை.

எழுதுவது ஏறாது.
ரத்து என்று அவன் தட்டிய கணமே
அறைக்குள் இன்னொரு நேரம் பிறந்துவிட்டது.
அதே பெயர், அதே முகம்.
அதன்பிறகு கேட்டாலும் அது மாடிப்படியை மிதிக்கவில்லை,
என்னிடமே இருக்கிறதே என்றது.
மேலே உள்ளதற்குத் தகவலே இல்லை.

துறையில் யாக்குப் பயணிகள் பட்டியலோடு நிற்கிறான்.
அதில் மூன்று ஹானுஸ்.
ஹானுஸ் என்றால் மூன்று தலை திரும்பும்,
கிடாவும் ஒருமுறை திரும்பியதாகக் கேள்வி.
வெறும் பெயரை அவன் கூப்பிடுவதே இல்லை.
ஓடைக்கரை ஹானுஸ்.
பாறையடி ஹானுஸ்.
மூன்றாமவன் வீடு எரிந்து எட்டு வருடம்,
இன்னும் நீலக்கதவு ஹானுஸ்தான்.

சுன்வாவுக்குத் தெரியாததா இது?
வகுப்பில் இரண்டு சுன்வாக்கள், இவள் களஞ்சியத்துச் சுன்வா.
ஆனாலும் நேரத்தை வெறும் நேரமாக விட்டிருந்தாள்.
சின்னப் பக்கம்,
யாரோடு குழம்பப் போகிறது என்று.

பயணம், ஒரு புள்ளி, நேரம்.
அவ்வளவுதான் திருத்தம்.
இனி எழுதக் கை நீட்டினாலும்
முதலில் பயணத்தைத் தேடியாக வேண்டும்,
அது அறையில் கிடையாது,
தேடப் போன கால்
ஏறிவிடுகிறது.
நம் எழுத்திலும் அப்படித்தான்,
தலையில் புள்ளி விழுந்தால்தான்
மெய்.

9:25க்குப் பலகை ரத்து என்றது.
ஒருவரும் நிமிரவில்லை.
மணப்பெண்ணின் அக்கா பெட்டியைத் திறந்திருந்தாள்.
நீலக்கதவு ஹானுஸ் மீன் கத்தியைச் சட்டையில் துடைத்து நீட்ட,
மழையில் நின்றே தின்றார்கள்.
கிடாவுக்கு ஓரத் துண்டு.

மதியம் பார்டுர் சுன்வாவின் மேசையில்
ஒரு துண்டைக் காகிதத்தோடு வைத்துவிட்டுப் போனான்,
மன்னிப்பா குற்றச்சாட்டா என்று தெரியவில்லை.
மேலே சர்க்கரையில் மாப்பிள்ளை பெயர், பாதி வெட்டுப்பட்டு.
அவனும் ஒரு ஹானுஸ்.
எந்த வீடு என்று எழுதவில்லை.

தின்றுகொண்டே மற்ற பக்கங்களைத் திறந்து
புள்ளியில்லாத பெயர்களை எண்ணினாள்.
நூற்றுப் பதினேழில் நிறுத்திவிட்டு
காலுறையைத் தொட்டுப் பார்த்தாள்.
இன்னும் ஈரம்.