மூன்றாவது விளக்கு

வண்டியைப் பின்னாலிருந்து பார்க்க வேண்டும்.
முகம் பொய் சொல்லும்.
கிரில்லை மாற்றுவார்கள், பம்பரை நிமிர்த்துவார்கள்,
இம்பாலா என்ற எழுத்தைப் பஞ்சிகாவத்தையில் வாங்கி
எந்தத் தகரத்திலும் ஒட்டுவார்கள்.
பின்விளக்கில் கை வைக்க
எவனுக்கும் பொறுமையில்லை.

பெரிய வட்டமாக, பக்கத்துக்கு ஒன்றென்றால் ஃபால்கன்.
பூனைக்கண்போல் சாய்ந்து,
டிக்கி மூடியில் ஸ்பெயார் டயரின் வட்டம் வீங்கியிருந்தால்
வேலியண்ட், அறுபது, அறுபத்தொன்று.
பொனட்டைத் திறந்து எஞ்சினைக் காணாமல் திகைத்தால் கோர்வேர்;
ரேடியேட்டரைத் தேடி
வாளித் தண்ணீரோடு அதைச் சுற்றிவந்த ஒருவரை எனக்குத் தெரியும்.
ஷெவர்லே என்றால் எண்ணு:
பக்கத்துக்கு இரண்டு, பெல் எயார்.
மூன்று, இம்பாலா.

இவ்வளவுதான் என் படிப்பு.
மீதியெல்லாம் திரீவீல் கார்புரேட்டர்.

தவமணியக்கா வந்தது ஒரு சனிக்கிழமை,
பொகவந்தலாவை பஸ்ஸில்.
பாண் வாங்கிய பை. அதற்குள் ஈ.பி.எஃப். கடதாசிகள்.
அவற்றின் நடுவே ஒரு படம்.
"இது எந்த வருசத்துக் காரு, பாஸ்?"

பெக்டரி. அதன் முன்னால் பனி.
பனிக்கு முன்னால் ஒரு காரின் பின்புறம்.
காரை மறைத்தபடி, தோளில் துடைக்கும் துணியோடு ஓர் ஆள்.
துரையைப் பார்க்க வந்த யாருடையதோ வண்டி;
டிக்கியின் மேல் கை வைத்திருக்கிறார்
தன்னுடையதுபோல.

"எங்கப்பா. பேரு சன்னாசி.
அறுபத்திரண்டு ஐப்பசியில தலைமன்னாருக்குப் போனவரு,
திரும்பல.
நான் பொறந்தது அறுபத்துமூணு மாசி."

இடப்பக்கம் முழுக்க அவர் உடம்பு.
வலப்பக்கம் இரண்டு விளக்கு, அப்புறம் அவர் கால்.
இரண்டா, மூன்றா?
லென்சை எடுத்து வாசல் வெளிச்சத்துக்குப் போனேன்.
விளக்குகளுக்கு மேலே ஒரு குரோம் பட்டி,
ஓரத்தில் மடிந்து இறங்குகிறது
கவிழ்த்து வைத்த லாடம்போல.
அது அறுபத்துநான்கு இம்பாலாவுக்கு மட்டும்.
ஆக, மூன்றாவது விளக்கு
அவர் முழங்காலுக்குப் பின்னால் இருக்கிறது.
நான் பார்க்கவில்லை.
இருக்கிறது.

"அறுபத்துநாலு மொடல்!"
பரீட்சை பாசான பையனின் குரல் எனக்கு.
"அமெரிக்காவுல வெளிய வந்ததே அறுபத்துமூணு கடைசியில.
கப்பலேறி, மலையேறி இங்க வர
இன்னும் நாலஞ்சு மாசம் ஆகியிருக்கும்."
எப்போது என்று வண்டி சொல்லாது.
இதற்கு முன்னால் இல்லை
என்பதை மட்டும் சொல்லும்.

கொழுந்துக் கறை போகாத விரல்களில் எண்ணினார்:
மாசி, பங்குனி, சித்திரை...
ஒரு சுற்று முடிந்து மறுபடி மாசி.
"அப்ப நான் நடந்திருப்பேன்."

நல்ல செய்தி என்று நினைத்துச் சிரித்தேன்.
"ஒங்களப் பாத்திருக்காரு அக்கா."

"அதான்," என்றார்.
"பாக்காமப் போன மனுசன்னுதான்
இத்தன நாளா மன்னிச்சு வச்சிருந்தேன்."

கம்பிரசர் தானாக ஓடி, தானாக நின்றது.

"அறுபத்திரண்டா இருக்காதா, பாஸ்? நல்லாப் பாருங்க."

அறுபத்திரண்டு இம்பாலாவுக்கும் மூன்று வட்டம்தான்.
சொல்லியிருக்கலாம்.
படம் மங்கல், பனி வேறு,
யார் வந்து கேட்கப் போகிறார்கள்.
"பட்டி இருக்குதே அக்கா," என்றேன்.

நகத்தால் அந்த இடத்தைத் தொட்டுப் பார்த்தார்,
உரிந்து வந்துவிடுமா என்பதுபோல.
காசு வேண்டாம் என்றேன்.
நூறு ரூபாயை ஸ்பானருக்கு அடியில் வைத்துவிட்டு
பாணுக்கு மேல் படத்தை வைத்து
பையை முடிச்சுப் போட்டார்.

ஐந்தேகால் பஸ். பனி இறங்கிவிட்டது.
பழக்கம், பின்னாலிருந்துதான் பார்த்தேன்:
லேலண்ட். வலப்பக்க விளக்கு எரியவில்லை.
மற்றது
டிக்கோயா வளைவு வரை தெரிந்தது.