எண் 147

மார்ஷ் எல்லர்பி கோயிலின் கல்யாணப் பதிவேட்டை
ஒரு மூலையில் எலி தின்றிருக்கிறது.
1690க்கும் 1702க்கும் நடுவே
இந்த ஊரில் யாரும் யாரையும் கட்டிக்கொள்ளவில்லை.
மை உறைந்திருக்கலாம்,
கோயில்பிள்ளை குடிகாரனாக இருந்திருக்கலாம்.
பக்கத்து ஏட்டில்
ஞானஸ்நானங்கள் மட்டும் நிற்காமல் நடக்கின்றன.

அப்புறம் சட்டம் வந்தது.
அச்சடித்த படிவம், பக்கத்துக்கு நான்கு,
ஒவ்வொன்றின் தலையிலும் ஓர் எண்.
'இந்தச் சேகரத்தைச் சேர்ந்த' என்பதற்குப் பிறகு
பெயருக்கு இடம் விட்டிருக்கும்.
கன்னி, பிரம்மச்சாரி, விதவை, தாரமிழந்தவன்:
நான்கு சொல்லுக்குள் ஓர் ஊர் அடங்கிவிட்டது.

வியாழக்கிழமைகளில் நான் இதைக்
கணினியில் ஏற்றுகிறேன்.
பக்க அறையின் மின்கணப்பில்
ஒரு கம்பிதான் எரியும்.
இடது முழங்கால் சுடும், வலது முழங்கால் விறைக்கும்.

எழுதத் தெரியாதவர்கள் சிலுவைக் குறி போட்டார்கள்.
எல்லாம் ஒன்றுபோல் இருக்கும் என்றுதான் நினைத்திருந்தேன்.
இல்லை.
ஒன்று இரண்டு தையல்போல் நெருக்கமாக,
ஒன்று கோணல் சாலாக.
ஒருவன் அழுத்திய அழுத்தத்தில்
பின்பக்கத்து மணமகளின் பெயரில் ஓட்டை விழுந்திருக்கிறது.

எண் 147.
1787, அக்டோபர் ஒன்பது.
பாதிரியார் லாம்பர்ட் ஸ்னீத் அவசரக்காரர்,
முந்தின இரவே படிவத்தை நிரப்பி வைத்துவிடுவார்.
ஜேபெஸ் கட்புஷ், பிரம்மச்சாரி, வேலி வெட்டுபவன்.
கெசையா த்ரோவர், கன்னி.
மூன்று ஞாயிறும் ஓலை வாசித்தாயிற்று,
தடை சொன்னவர் இல்லை.
அதற்குக் கீழே
நான்கு கையொப்பக் கோடுகளும் வெறுமையாய்.
மூலைக்கு மூலை ஒரு கோடு.
ஓரத்தில் ஒற்றைச் சொல்:
வரவில்லை.

யார் வரவில்லை?
அவனா, அவளா, இரண்டு பேருமா,
சேறு கிடந்த பாதையில் பாதிரியாரேதானா?
அந்த மாதத்துக் கோயில் கணக்கில்
மணியடிப்பவர்களின் பீருக்கு ஒரு ஷில்லிங் எழுதியிருக்கிறது.
மணி அடித்ததாக எங்கும் இல்லை.
பீரைக் குடித்துவிட்டார்கள்.

பதின்மூன்று படிவங்கள் தள்ளி, எண் 160.
கெசையா த்ரோவர், இன்னும் கன்னி,
ஆற்றுக்கு அக்கரையிலுள்ள மாவு ஆலை ரூபன் ஹெம்ப்ஸ்டெடைக்
கட்டிக்கொள்கிறாள்.
ரூபன் குறி போடுகிறான்.
அவள் முழுப் பெயரை எழுதுகிறாள்,
எழுத்துகள் கோட்டைத் தாண்டிச் சட்டகத்துக்கு வெளியே போகின்றன.
முதல் சாட்சி ஏமஸ் கெட்ஜ், கோயில்பிள்ளை;
எல்லாக் கல்யாணத்துக்கும் அவர்தான் சாட்சி, நான்கு பென்னிக்கு.
இரண்டாம் சாட்சி
ஜேபெஸ் கட்புஷ்.

கையெழுத்துதான், குறி அல்ல.
பெயரின் கடைசி எழுத்து இடப்பக்கம் சாய்ந்து
மழையில் நனைந்த கோழிபோல் நிற்கிறது.
அவள் பெயரின் கடைசி எழுத்தும்
அதே எழுத்து, அதே கோழி.
உருப்பெருக்கியை இரண்டுக்கும் நடுவே
பத்துத் தடவையாவது நகர்த்தியிருப்பேன்.
அவள் சொல்லிக்கொடுத்தாளா?
அவனா?
அந்த மூன்று வருஷத்தில் எந்தக் களஞ்சியத்தில்,
எந்தக் கரித்துண்டால்?
ரூபனுக்குத் தெரியுமா?
ஒருவேளை இருவருக்கும் ஒரே பள்ளிக்கூடம்தானோ என்னவோ.
நான் ஒரு எழுத்தை வைத்துக்கொண்டு
மூன்று பேருடைய வீட்டில் புகுந்துவிட்டேன்.

திரும்பி வந்து 147ஐ ஏற்றப் பார்த்தேன்.
'மணமகன் கையொப்பம் கட்டாயம்' என்றது திரை,
சிவப்பில்.
மணமகளும் கட்டாயமாம்.
நான்கு கட்டத்திலும் ஆளுக்கொரு புள்ளி வைத்தேன்.
ஏற்றுக்கொண்டது.

சாவியைத் திருப்பிப் பூட்டி வெளியே வந்தால்
கல்லறைத்தோட்டத்து வாசலை அடைத்தபடி
ஒரு வேன்.
'கட்புஷ் & மகள்: வேலி, மரம் வெட்டுதல்.'
மகள்தான் ஓட்டுகிறாள்,
காதில் பென்சில், மடியில் சாண்ட்விச்.
கேட்கலாம் என்று வாயைத் திறந்தேன்.
என்னவென்று கேட்பது?
உங்கள் வீட்டு ஆள் அன்றைக்கு வந்தாரா என்றா?

அவள் கண்ணாடியை இறக்கி,
"கொஞ்சம் நகருங்க, பின்னால எடுக்கணும்" என்றாள்.
ஈரப் புல்லில்
ஒதுங்கி நின்றேன்.