எவ்வளவு

மழை தொடங்கிய வாரம்
சாந்தா அனா அரசு மருத்துவமனை வாசலில்
ஒரு தச்சர் வந்து நின்றார்,
பணம் வாங்கும் மேசைக்கு அளவெடுக்க.
வென்செஸ்லாவ். போன வருடம்
அவர் குடலிறக்கத்தைத் தைத்தது நான்தான்.
நாடாவை இழுத்துப் பிடித்தபடி கேட்டார்:
"எவ்வளவு உயரம், டாக்டர்?
நிற்கிறவர் நெஞ்சளவு என்று எழுதித் தந்திருக்கிறார்கள்."

இங்கே யார் நிமிர்ந்து வருகிறார்கள்?
வயிற்றைப் பிடித்துக்கொண்டு வருகிறார்கள்.
கழியில் கட்டிய தூளியில் வருகிறார்கள்.
கரும்பு வெட்டி வெட்டிச் சிறுநீரகம் சுருங்கியவர்கள்
சுவரைத் தடவிக்கொண்டே.

இருபது வருடமாக நானும் அதையேதான் கேட்கிறேன்.
எவ்வளவு நாளாய். எவ்வளவு ரத்தம்.
அது என்னுடைய சொல் என்று நினைத்திருந்தேன்.

அன்று வேலையை நிறுத்தினோம்,
அவசரப் பிரிவையும் டயாலிசிஸையும் தவிர்த்து.
வெள்ளைக் கோட்டோடு தெருவில் இறங்கினோம்.
பிணவறை எல்மெருக்குக் கோட்டு கிடையாது,
வீட்டு மேசைவிரிப்பைப் போர்த்தி வந்தான்,
ஓரத்தில் காப்பிக் கறையோடு.
மழையில் வெள்ளை நிற்காது.
இரண்டாவது திருப்பத்திலேயே உடம்போடு ஒட்டி
உள்ளிருப்பதைக் காட்டிவிட்டது.

பூட்டுக்கடை மாடியிலிருந்து ஒரு குரல்:
"டாக்டர் மென்ஹீவர்!
ஆறு மணிக்கு மேல்
உங்கள் கிளினிக்கிலும் இலவசம்தானா?"

சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.
பித்தளைப் பலகையில் என் பெயர் இருக்கிறது.
பொய்யில்லை.

அன்றிரவு திருப்புளியோடு போனேன்.
நான்கு திருகாணி. மூன்றைக் கழற்றினேன்.
நான்காவது துருப்பிடித்திருந்தது
என்றுதான் இதுவரை சொல்லி வருகிறேன்.
பலகை ஒற்றைக் காலில் தலைகீழாய்த் தொங்குகிறது.
அதன் கீழே நுழைந்து வருகிறவர்கள்
இன்னும் பணம் தருகிறார்கள்.
அதில்தான் வாடகை, அதில்தான்
சம்பளம் நின்ற செவிலியர் ஏழு பேருக்கு அவரை, எண்ணெய்.
இதை எந்தக் கூட்டத்திலும் நான் சொன்னதில்லை.

மூன்று பேர் பனாமாவுக்குப் போய்விட்டார்கள்.
ஒருவன் போகும்போது
தன் ஸ்டெதாஸ்கோப்பைக் கொக்கியிலேயே விட்டுப் போனான்.
யாரும் எடுக்கவில்லை.

மேசையை வென்செஸ்லாவ் முடித்துவிட்டார்,
அவருக்கும் கூலி வேண்டுமே.
நல்ல தேக்கு. கண்ணாடியும் பொருத்தியாயிற்று.
கை நுழையும் ஓட்டையை மட்டும் வெட்டவில்லை.
"அதற்கு யாரும் அளவு தரவில்லை" என்றார்,
என்னைப் பார்க்காமல்.
இப்போது அதன்மேல் ஈரக் குடைகள் கிடக்கின்றன.
வெட்டுவதற்கு வேறொரு ஆள் வருவார் என்று
திங்கட்கிழமைதோறும் கடிதம் வருகிறது.
திங்கட்கிழமைதோறும் நாங்கள்
அதைச் சுற்றித் தரையில் உட்கார்ந்து
நோயாளிச் சீட்டு எழுதுகிறோம்.

நேற்றிரவு மேத்தபானிலிருந்து இரண்டு பஸ் மாறி
ஒரு பெண் வந்தாள்.
தோளில் குழந்தை கொதித்தது.
"எவ்வளவு?" என்றாள்.
வெப்பமானியை விளக்கில் காட்டிப் பார்த்துச் சொன்னேன்:
"முப்பத்தொன்பது."

கைக்குட்டை முடிச்சை அவிழ்த்தாள்.
மடியில் வைத்து எண்ணினாள்.
பதினொன்று வரை எண்ணி
நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.