வாட்டம்

பை கிழிந்து
ஓர் ஆரஞ்சு டிரைவ்வேயில் விழுந்தது.
தெருப் பக்கம் ஓடும் என்று காலை நீட்டினேன்.
அது சுவரை நோக்கி உருண்டு
மூலையில் போய் உட்கார்ந்துகொண்டது.
வாட்டம் உள்ளே திரும்பிவிட்டது என்று
அன்றுதான் தெரிந்தது.

நிலவறையின் கிழக்கு மூலையில்
மூன்று வசந்தமாய் ஈரம்.
கம்பளம் மாற்றினோம், பெயின்ட் அடித்தோம்,
ஊதுபத்திகூடக் கொளுத்தினோம்.
வெளியே வந்து குனிந்து பார்க்க
ஒருவருக்கும் தோன்றவில்லை.

வினிப்பெக் களிமண்
வெயிலில் சுருங்கி வாய் பிளக்கும்,
பனி உருகினால் குடித்து உப்பும்.
அதன் மேல் போட்ட கான்கிரீட்
தூங்குகிறவன் முதுகில் வைத்த தட்டு.

டார்சி வந்தான். சுத்தியல் பிடியால்
தட்டிக்கொண்டே நடந்தான்.
தெருப் பக்கம் டக் என்றது.
சுவர்ப் பக்கம் டொம்.
"அடியில் ஒன்றும் இல்லை" என்றான்.
டாக்டர் சொன்னால்
சந்தோஷப்பட்டிருக்கும் வாக்கியம்.

குறைகுடம் கூத்தாடும் என்று படித்தவள் நான்.
இது கூத்தாடவே இல்லை.
தினமும் நாங்கள் கார் நிறுத்த நிறுத்த
ஒன்பது வருடம்
வாயைத் திறக்காமல் இறங்கியிருக்கிறது.

கூரைத் தண்ணீர்க் குழாயின் அடிநீட்டத்தை,
புல் வெட்ட இடைஞ்சல் என்று,
கழற்றி வைத்தவன் நிமலன்.
மொட்டையாய் நின்ற குழாயை
டார்சி பூட்ஸ் நுனியால் காட்டினான்.
நிமலன் வானத்தைப் பார்த்தான்.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
சொல்லாததை அவன்
இரண்டு நாள் கேட்டுக்கொண்டிருந்தான்.

காசு அகலத்தில் ஏழு துளை.
லாரியிலிருந்து குழாய், குழாயிலிருந்து நுரை.
டார்சி குப்புறப் படுத்து
கன்னத்தைக் கான்கிரீட்டில் வைத்து
கட்டிய நூலை ஒற்றைக் கண்ணால் பார்த்தான்.
முதலில் எதுவும் நடக்கவில்லை.
பிறகு எறும்புகள்,
மூட்டை முடிச்சோடு, வரிசை கலைந்து.
பிறகு ஒரு முனகல்.
சுவரை உரசிக்கொண்டு விளிம்பு எழுந்து,
முன்னொரு காலம் தான் இருந்த இடத்து
அழுக்குக் கோட்டை மூடிக்கொண்டு நின்றது.
இரண்டு அங்குலம்.
ஒன்றரை மணி நேரம். ஒரு காசோலை.
ஆரஞ்சை எடுத்து வந்து விட்டேன்.
நல்ல பிள்ளையாய் வெளியே போனது.

எங்கே போனது என்று
அப்போது பார்க்கவில்லை.

டிரைவ்வே இரண்டு வீட்டுக்கும் பொது.
நடுவில் ஒரு வெட்டுக்கோடு;
அந்தப் பக்கம் ரொடெலுடையது,
அதுவும் தன் சுவர்ப் பக்கம் சாய்ந்ததுதான்.
சேர்த்தே செய்யலாமா என்று கேட்டிருந்தோம்.
"இந்த வருடம் முடியாது,
மகளின் பல்லுக்குக் கம்பி" என்றார்.
அதனால் என்ன, எங்கள் பாதி போதும் என்றோம்.
பெருந்தன்மையாகச் சொன்னதாக
ஞாபகம்.

சாண் ஏறினால் முழம் சறுக்குமாம்.
ஏறியது நாங்கள்.
சறுக்கியது யார் என்று
வியாழக்கிழமை மழை காட்டியது.
எங்கள் கூரைத் தண்ணீரும் எங்கள் பாதித் தண்ணீரும்
கோட்டைத் தாண்டி
கூச்சமில்லாமல் அவர் சுவருக்குப் போயின.

விடியற்காலை
முழங்கால் வரை சுருட்டிய பைஜாமாவோடு
அகலத் துடைப்பத்தால்
ரொடெல் தெருவுக்குத் தண்ணீர் தள்ளிக்கொண்டிருந்தார்.
என்னைக் கண்டு கை உயர்த்தினார்.
"உங்கள் பக்கம் அழகாக வந்திருக்கிறது."
அதில் குத்தல் இருக்கிறதா என்று தேடினேன்.
இருந்திருந்தால் உதவியாக இருந்திருக்கும்.

ஃப்ரிட்ஜ் கதவில்
டார்சியின் அட்டை இன்னும் இருந்தது.
எடுத்து, திருப்பிப் பார்த்து,
மறுபடி காந்தத்துக்கு அடியில் வைத்தேன்.
மறுபடி எடுத்தேன்.

"டிசம்பர் டிக்கெட் காசில்
எவ்வளவு மிச்சம்?" என்றேன்.
"எதற்கு?" என்றான் நிமலன்,
ஜன்னல் வழியே துடைப்பத்தைப் பார்த்துக்கொண்டே,
ஒரு கையால்
பூட்ஸைத் தேடிக்கொண்டே.