ஏழாம் அடுக்கு, எட்டாம் அடுக்கு

மேல்வீட்டு ஈரத்துணி என் கழியில் சொட்டுகிறதென்று
நான் போட்ட புகாருக்கு நகர மன்றத்தின் பதில்:
முதலில் நேரில் பேசிப் பாருங்கள்.
ஒரு பக்கம்தான் அச்சு. மறுபக்கம் வெள்ளை.

சில்லு ஆலையில் இரவு வேலை முடிந்து வந்தால்
உடனே தூக்கம் வராது எனக்கு.
தோ பாயோ விடிகிற நேரம்
அந்த வெள்ளையில் ஒரு தொகைக்குறி போட்டேன்,
மூங்கில் மாட்டும் கொக்கி மாதிரி, நெட்டையாக.
கீழே பூஜ்ஜியம். மேலே பாதிப் பை.
நடுவில் சைன், அதன் தலையில் ஓர் அடுக்கு.

எத்தனையாவது அடுக்கு?
என் என்று எழுதினேன்.
என்னுடையது என்று பொருளில்லை,
எந்த எண்ணும் குடிவரலாம்.

ஒவ்வொன்றாகக் கணக்கிட ஆயுள் போதாது.
ஒரு சைனை மட்டும் தனியே கழற்றி
பகுதி பகுதியாகத் தொகையிட்டதில்
அடுக்கு இரண்டு இறங்கியது,
வாசலில் ஒரு பின்னத்தை வைத்துவிட்டு.
மறுபடி இரண்டு.
மறுபடி.
மின்தூக்கி பழுதான வாரம்
நானும் இப்படித்தான் இறங்கினேன், இரண்டிரண்டு படியாக,
கைப்பிடியை விடாமல்.

ஒற்றைப்படை அடுக்குகள் ஒன்றில் போய் நிற்கும்.
அவற்றின் விடையில் பை கிடையாது, வெறும் பின்னம்.
இரட்டைப்படை தரைவரை போகும்;
அங்கே சைனே இல்லை, நீளம் மட்டும், பாதிப் பை.
ஒரே புளோக்.
இவர்கள் இறங்கும் படியில் அவர்கள் கால் படுவதில்லை.

ஏழு: முப்பத்தைந்தில் பதினாறு பங்கு.
எட்டு: முப்பத்தைந்து பையை இருநூற்று ஐம்பத்தாறால் வகுத்தது.

மூடிய வடிவம் என்பார்கள் இதை.
எழுதி முடித்துப் பேனாவையும் மூடிவிட்டேன்.
பிறகு ஏன் பெருக்கினேன், தெரியவில்லை.
பக்கத்தில் பக்கத்தில் இருந்தன, அவ்வளவுதான்.

ஏழின் காலடி முப்பத்தைந்து
எட்டின் தலையிலிருந்த முப்பத்தைந்தை அடித்துக்கொண்டு போனது.
மிச்சம், பையைப் பதினாறால் வகுத்தது.
தற்செயலோ என்று எட்டையும் ஒன்பதையும் பெருக்கினேன்.
பதினெட்டால் வகுத்தது.
எந்த அண்டை வீடானாலும் சரி,
மேல்வீட்டு எண்ணை இரட்டித்துப் பையை வகுத்தால் போதும்;
இறங்கிய படி ஒன்றுகூட விடையில் தெரியாது.

ஏழேகாலுக்கு மேலே ஜன்னல் திறக்கிற சத்தம்.
சியூ கெங் கழியை நீட்டுகிறாள்.
சொட்டு. கொஞ்சம் இடைவெளி. சொட்டு.
என் சீருடைகளை உள்ளே இழுத்துப் போட்டேன்.
கோபம் போகவில்லை, காலர் நனைந்துவிட்டது.

பேசப் போனால் கடிதத்தை எடுத்துப்போக வேண்டும்.
எந்தப் பக்கத்தைக் காட்டுவது?