கொருக்குப்பேட்டை கேட்

மணி ஒன்பது பத்து. கேட் விழுந்துவிட்டது.
துறைமுகத்துச் சரக்கு ரயில் குறுக்கே நின்று
யோசித்துக்கொண்டிருக்கிறது.
எனக்கு ஒன்பதரைக்கு ஷிஃப்ட்.
சைக்கிளைப் படுக்கப்போட்டு இழுத்துக்கொண்டு
பெட்டிக்கு அடியில் நுழைகிறார் ஒருவர்.
பின்னாலேயே நானும் குனிகிறேன்.
துப்பட்டாவில் கிரீஸ்.

வானத்தில் போக அனுமதி வாங்கித் தருவது என் வேலை.
சொன்னால் சிரிப்பார்கள்.
தண்டையார்பேட்டை, டயர் கடைக்கு மேல் மாடி,
ஏழு கம்ப்யூட்டர், சொட்டுகிற ஏசி, கீழே ஒரு பெயின்ட் டப்பா,
சுவரில் பதினோரு ஊர்க் கடிகாரங்கள்.
அதில் ஒன்று ஓடவில்லை, எந்த ஊர் என்று யாருக்கும் நினைவில்லை.

சொந்த விமானம் வைத்திருக்கிறவர்கள்
யார் தலைக்கு மேலே பறக்கலாம், எங்கே இறங்கலாம்
என்று நான் எழுதிக் கேட்கிறேன்.
வால் எண். விமானியின் உரிமம். பயணிகளின் தேசம்.
பயணத்தின் நோக்கம்:
கல்யாணத்துக்குப் போனாலும் ‘வணிகம்’ என்றுதான் போடுவார்கள்.

இன்று மாலை ஒரு நாடு
இன்னொரு நாட்டின் தூதரை ஊருக்கு அனுப்பிவிட்டது.
பெயர் சொல்லமாட்டேன்,
வேலைக்குச் சேரும்போது கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.
டீவியில் கீழே ஓடின ஒரு வரி அது.
என் மேஜையில் பதினான்கு விமானங்கள்.

நேற்று வரை மூன்று நாளில் வந்த அனுமதி எண்
இன்று வரவில்லை.
மறுத்தோம் என்று எழுதினாலாவது வேறு வழி பார்க்கலாம்.
‘பரிசீலனையில்’ என்கிறார்கள்.
அந்தப் பக்கம் ஃபர்ஹாத். எட்டு வருஷமாய்க் குரல் மட்டும்.
எடுத்ததும் ‘உங்கள் ஊரில் மழையா?’ என்பார்.
இன்று கேட்கவில்லை.
‘வால் எழுத்தைப் பாருங்கள் மல்லி’ என்றார்.

அந்த விமானம் பதிவான தேசத்தை
அதன் முதலாளியே பார்த்ததில்லை.
வரி குறைவென்று எழுதிய எழுத்து
இப்போது அதன் ஜாதகம்.
எனக்குத் தெரியும் இது.
முப்பத்தொன்பதில் முடியும் பின்கோடைப் பார்த்ததும்
‘ஓ, வியாசர்பாடியா’ என்று
லோன் பாரத்தை மெதுவாக மூடிய பேங்க்காரர்
மறுத்தேன் என்றா சொன்னார்?

கடல் பக்கமாக வளைத்து வேறு கோடு போட்டேன்.
இரண்டு மணி நாற்பது நிமிஷம் கூடுதல்,
நடுவில் ஒரு தீவில் எண்ணெய்.
‘எவ்வளவு கொடுத்தால் நேரே விடுவார்கள்?’
முதலாளியின் செயலாளர் மூன்று முறை கேட்டார்.
பணம் செல்லாத இடம் ஒன்று உண்டென்று
அவருக்கு நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.
பொய் எதற்கு, கொஞ்சம் இனித்தது.

பதினோராவது விமானம்தான்.
வால் சரி. விமானி சரி. ஐந்து பயணிகள் சரி.
ஆறாவது பெயர்: வீட்டுப் பணி, வயது ஐம்பத்திரண்டு,
தூதர் திரும்பிய தேசத்துப் பாஸ்போர்ட்.
குழந்தைக்குச் சோறூட்டப் போகிறவர்.
செயலாளர் யோசிக்கவே இல்லை:
‘அந்த வரியை எடுத்துவிட்டுத் திரும்ப அனுப்புங்கள்.’

எடுத்தேன்.
ஒரு பொத்தான்தான், வலது பக்கம் மேலே.
பதினோரு நிமிஷத்தில் எண் வந்தது.
ஐந்து பேரோடு ஓடுபாதையில் ஏறியிருக்கும்.
அவர் பை மட்டும் உள்ளே இருந்ததா, இறக்கினார்களா,
எந்தக் கட்டத்திலும் அது கேட்கப்படுவதில்லை.
பெயர் என்னிடம் இருக்கிறது.
சொல்லக் கூடாது.

காலை ஆறே கால். மறுபடியும் கேட்.
வேறு ரயிலா அதேதானா தெரியவில்லை.
ஸ்கூட்டர், மீன் கூடைகள், யூனிஃபார்ம் போட்ட ஒரு பையன்.
‘எப்ப திறப்பீங்க?’ என்றேன்.
கேட்காரர் இட்லியைப் பிட்டபடி
கறுப்பு ஃபோனைக் காட்டினார்:
‘என்னக் கேட்டா? அது அடிக்கணும்மா.’

கூடைக்காரம்மா குனிந்து பாதி போய்த் திரும்பிப் பார்த்தாள்.
‘வரியா, நிக்கிறியா?’